ஹராம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டு கமெண்டில் ஃபத்வா கொடுக்க வேண்டாம், ப்ளீஸ்.

போன வாரம் உயர்தர வகுப்பில் இஸ்லாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. உயிரின் கண்ணியம் பற்றிய இடம். ஒரு மாணவி எழும்பினாள். "சேர், எங்கட வீட்டுப் பூனை வேன்ல அடிபட்டு இடுப்பு முறிஞ்சு கிடந்த நேரம் மிருக வைத்தியர் ஊசி போட்டு முடிச்சு விட்டார். பாவம் பார்த்துத்தான் செஞ்சார் எண்டு வாப்பாவும் சொன்னார். என்ட மூத்தம்மா அதைவிட வேதனையில ஆறு மாசமாக் கிடக்கிறா. அவவுக்கு மட்டும் ஏன் சேர் ஸபூர்?"

பின்வாங்கில் இரண்டு மூன்று பேர் அஸ்தஃபிருல்லாஹ் சொன்னார்கள். நானும் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். உயிர் அமானிதம், தந்தவனே எடுப்பான், மனிதன் மிருகம் அல்ல. அவள் "சரி சேர்" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்டது மூத்தம்மாவின் வலியைப் பற்றி. அதற்கு என்னிடம் இருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

அதே வாரம் நம் ஊர் வட்ஸ்அப் குரூப்பிலும் இந்தக் கதை வந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஒரு தம்பி செய்தி ஒன்றைப் போட்டார். 2025 ஜூன் 20ஆம் திகதி பிரித்தானிய பாராளுமன்றத்தின் மக்கள் சபையில், குணமாகாத நோயாளி சாவதற்கு உதவி பெறலாம் என்ற சட்டமூலத்துக்கு ஆதரவாக 314 பேரும் எதிராக 291 பேரும் வாக்களித்தது பற்றிய செய்தி. கீழே அவர் எழுதியிருந்தது: "நாகரிகமான நாடெல்லாம் மாறுது, நாங்க மட்டும் மனுசனைத் துடிக்க விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கம்." அதற்கு நம்மவர் ஒருவர் கொடுத்த பதில்: "ஹராம். டொபிக் குளோஸ்." முப்பத்தெட்டு லைக்.

இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. முதலில் தம்பியோடு.

தம்பி, "நாகரிகமான நாடெல்லாம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. சுவிட்சர்லாந்தில் 1942 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், சுயநலத்துக்காக ஒருவர் இன்னொருவரைத் தற்கொலைக்கு உதவினால் மட்டும் தண்டிக்கிறது. அந்த இடைவெளியில்தான் அங்கே எல்லாம் நடக்கிறது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்பட்ட நோயாளிக்கு வைத்தியர் மருந்து எழுதிக் கொடுக்கலாம், நோயாளிதான் குடிக்க வேண்டும். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் வைத்தியரே ஊசி போடலாம். பெல்ஜியம் 2014இல் அதைச் சிறுவர்களுக்கும் திறந்துவிட்டது.

ஒரேகன் ஒவ்வொரு வருடமும் அறிக்கை வெளியிடுகிறது. ஏன் இந்த மருந்தைக் கேட்டீர்கள் என்று நோயாளிகளிடம் இருந்து வந்த காரணங்கள் அதில் உண்டு. வலிதான் முதலில் நிற்கும் என்று நானும் நினைத்தேன். இல்லை. என் காரியத்தை நானே செய்ய முடியவில்லை, வாழ்க்கையில் சந்தோசமானவற்றைச் செய்ய முடியவில்லை, கண்ணியம் போய்விட்டது என்பவைதான் வருடாவருடம் மேலே இருக்கின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்பதும் பெருந்தொகையானோர் சொல்வது. வலியும் வலி பற்றிய பயமும் அவற்றுக்குக் கீழேதான் வருகின்றன.

"பாரமாகிவிட்டேன்." இந்தச் சொல்லை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கிழக்கில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க உழைத்துக் கட்டின வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் குசினிக்குப் பின்னால் ஒரு அறையில் ஒதுங்கிக்கொள்வார்கள். மருமகன் நல்லவராக இருந்தாலும் இருமக்கூடப் பயந்து வாழ்கிற வயதானவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குள் ஒரு சட்டத்தைக் கொண்டுபோய் வைத்து, "நீங்கள் விரும்பினால் மட்டும்தான், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும்? யாரும் வற்புறுத்தத் தேவையே இல்லை. பிள்ளைகள் மாறிமாறி லீவு போடுவதும் பேத்தியின் டியூஷன் காசு மருந்துக்குப் போவதும் அந்த மனுசிக்குத் தெரியும். இன்று இறக்காமல் இருப்பதற்கு அவள் காரணம் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு சட்டம் வந்த மறுநாள், "இன்னும் ஏன் இருக்கிறேன்" என்பதற்கு அவள் மனதுக்குள்ளாவது காரணம் தேட வேண்டிவரும்.

கற்பனை என்று சொல்வீர்கள். கனடாவைப் பாருங்கள். 2016இல் சட்டம் வந்தபோது, இயற்கையான மரணம் நெருங்கிவிட்டதாகக் கருதக்கூடியவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2021இல் அந்த நிபந்தனையை எடுத்து, மரணம் அருகில் இல்லாத நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரித்தார்கள். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கும் என்று அடுத்த கட்டத்துக்குப் போகப் பார்த்து, இப்போது அதை 2027 வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். 2023இல் 15,343 பேர் இப்படி இறந்தார்கள். அந்த வருடம் அந்நாட்டில் நடந்த மரணங்களில் நூற்றுக்கு 4.7. இருபது மௌத்தில் கிட்டத்தட்ட ஒன்று.

2020இல் கனடா பாராளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலர் ஒரு கணக்குப் போட்டார். சட்டத்தை விரித்தால் 2021இல் சுகாதாரச் செலவில் மொத்தம் 149 மில்லியன் டொலர் மிச்சமாகும் என்று. செலவைக் குறைப்பதற்காக இதைச் செய்யலாம் என்று யாரும் பொருள் கொள்ளக்கூடாது என்றும் அதே அறிக்கையில் எழுதினார்கள். இருக்கட்டும். ஒருமுறை கணக்குப் போட்டாகிவிட்டது அல்லவா? 2022இல், முன்னாள் இராணுவத்தினருக்கான திணைக்களத்தில் உதவி கேட்டவர்களிடம் ஊழியர் ஒருவர் இந்த வழியைப் பற்றிக் கதைத்தது வெளியே வந்தது. அது தவறு என்று அமைச்சரே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அவ்வளவு பணமும் வைத்தியசாலையும் உள்ள நாட்டில் அப்படி. ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் திகதி கிடைக்காத நம் நாட்டில், சாவதற்கு மட்டும் உடனே திகதி கிடைக்கும் என்றால் அதற்கு சுதந்திரம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரேகன் இன்றுவரை ஆறு மாத எல்லையைத் தாண்டவில்லை. எல்லா நாடும் கனடா ஆகும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நம் நாடு எந்தப் பக்கம் சரியும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு நம்மிடமே ஒரு பாடம் இருக்கிறது.

1995இல் இலங்கையில் தற்கொலை விகிதம் ஒரு இலட்சம் பேருக்கு 47. உலகத்திலேயே மிக உயர்ந்த இடங்களில் நாம் இருந்தோம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு ஊரிலும் கிருமிநாசினி குடித்த கதைகள். அந்த எண் பின்னர் எழுபது வீதம் அளவில் குறைந்தது. பெரிய காரணம், கொடிய கிருமிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. கையெட்டும் இடத்தில் நஞ்சு இல்லாமல் போனபோது, சாக நினைத்த பல்லாயிரம் பேர் அந்த இரவைத் தாண்டினார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் பல நேரம் ஒரு அலை மாதிரி வந்து போகிறது என்பதை இந்த நாடு தன் பிள்ளைகளின் உடலில் படித்திருக்கிறது. 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று சொன்ன பிரிவைத் தண்டனைச் சட்டக்கோவையில் இருந்து எடுத்தார்கள். சரியான வேலை, துவண்டவனைச் சிறையில் போட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் தற்கொலைக்கு உடந்தையாக இருப்பதைப் பற்றிய 299ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. அதற்கு விதிக்கப்பட்டது மரண தண்டனை. 1976க்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு கதை. அந்தத் தண்டனையை மாற்றலாம், கதைக்கலாம். பிரிவையே திறந்துவிடுவதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் முதலில் 1995ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

சரி தம்பி, உங்களோடு முடிந்தது. இனி "டொபிக் குளோஸ்" நானாவோடு.

நானா, ஹராம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் பிரச்சினை இல்லை. ஸூரத்துன் நிஸாவின் 29ஆம் வசனம் எனக்கும் தெரியும். காயத்தின் வேதனை பொறுக்காமல் கத்தியால் தன் கையை வெட்டிக்கொண்டு இறந்த மனிதனைப் பற்றி ஜுன்துப் (ரழி) அறிவிக்கிற ஹதீஸை நானே வகுப்பில் படிப்பிக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறீர்களே, அதில்தான் பிரச்சினை.

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் வாப்பா தையல்காரர். இந்த ஊரில் பாதிப் பேரின் முதல் ஸ்கூல் களிசான் அவர் தைத்தது. புரோஸ்டேட்டில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. படுக்கையில் புரட்டினால் கத்துவார். நாற்பது வருடம் மெசினில் குனிந்திருந்து ஒருநாளும் முதுகு வலி என்று சொல்லாத மனிதர். வைத்தியசாலையில் இருந்து "இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்க" என்று பனடோலும் இன்னொரு குளிசையும் தந்து அனுப்பினார்கள். பதினாறு நாள். பதினாறு இரவு. பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு டின் மாவும் ஒரு உபதேசமும் கொண்டு வந்தார்கள். முள் குத்தினாலும் பாவம் மன்னிக்கப்படும், ஸபூர் செய்யுங்க, இது பெரிய நஸீப். ஒருவர் மோஃபின் எடுக்க வேண்டாம் என்றே சொன்னார்: "அது போதை, கலிமா சொல்ல முடியாமப் போயிரும்."

பத்தாவது இரவோ பதினோராவது இரவோ, தஹஜ்ஜுத் நேரம் இருக்கும். வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன், ஊசி ஒண்டப் போட்டு முடிச்சு விடச் சொல்லுங்க" என்றார். ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நின்ற மனிதர். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பள்ளியில் பயான் செய்கிற, பிள்ளைகளுக்கு இஸ்லாம் படிப்பிக்கிற நான், அந்த நிமிடம் யாராவது ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் கையொப்பம் வைத்திருப்பேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். சட்டம் இல்லாதது என்னைக் காப்பாற்றியது. என் ஈமான் அந்த இரவு நித்திரை.

பிறகு, தெரிந்த ஒருவர் மூலம் ஒரு இளம் வைத்தியர் வீட்டுக்கு வந்தார். சகோதர மதத்தவர். அரை மணித்தியாலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மோஃபின் எழுதித் தந்தார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கணும், வலி வரும்வரை காத்திருக்கக்கூடாது என்றார். மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் சேர்த்து மருந்து தந்தார். காற்று மெத்தை ஒன்று எடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் வாப்பா நான்கு மணித்தியாலம் ஒரேயடியாகத் தூங்கினார். எழும்பி, பிளேன்டீயும் கருப்பட்டியும் கேட்டார். அடுத்த கிழமை பேத்தியின் வெள்ளை உடுப்பை மடியில் போட்டு, கரை கோணல் என்று என் மனைவி தைத்ததைப் பிரிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு கிழமை இருந்தார். பழைய கடன் ஒன்றைச் சொன்னார், கொடுத்தோம். பதினைந்து வருடம் கதைக்காமல் இருந்த தம்பியைக் கூப்பிடச் சொன்னார், சாச்சா வந்தார். ஊசி பற்றி ஒரு வார்த்தை திரும்பக் கேட்கவில்லை. கலிமாவும் சொன்னார், நானா. மோஃபின் குடித்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பதினாறு நாளில் அவர் கேட்டது சாவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது வலி நிற்பது. அது வேறு வழியில் நிற்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பல் வலித்தால் நீங்கள் பனடோல் போடுகிறீர்களா, இல்லையா? பாவம் மன்னிக்கப்படட்டும் என்று பொறுத்திருக்கிறீர்களா? மருந்து செய்யச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தானே. துன்பம் தாங்காமல் மரணத்தை ஆசைப்பட வேண்டாம் என்று சொன்ன அதே ஹதீஸில், வேறு வழியில்லாத மனிதனுக்கு ஒரு துஆவும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்: வாழ்வு எனக்கு நல்லதாக இருக்கும்வரை வாழவை, மரணம் நல்லதானால் மரணிக்கவை என்ற கருத்தில். துடிக்கிறவனின் வாயை அந்த மார்க்கம் அடைக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் நம்மிடம் இருக்கிறது. வலிக்கு மோஃபின் கொடுத்தால் மெல்லக் கொல்வது, வென்டிலேட்டரைக் கழற்றினால் கொலை, ஐசியூவில் போடாவிட்டால் பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள். மூன்றும் தவறு. முறையாக அளந்து கொடுக்கிற மோஃபின் வலியைத்தான் கொல்கிறது. சிலருக்கு அதுவும் போதாமல் போகலாம். அப்போதும் உணர்வைத் தணித்துத் தூங்கவைக்கிற வழி வைத்தியர்களிடம் உண்டு. 1981இல் குவைத்தில் வெளியான இஸ்லாமிய மருத்துவ ஒழுக்கக் கோவை, உயிரைப் போக்க வைத்தியர் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்கிறது. அதேநேரம் பயனில்லை என்று தெரிந்த பிறகு அசாதாரண சிகிச்சைகளால் சாவை இழுத்துக்கொண்டு போகவும் தேவையில்லை என்கிறது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை, மூளை முற்றாகச் செயலிழந்துவிட்டதை வைத்தியர்கள் உறுதிப்படுத்தினால் கருவிகளை எடுக்கலாம் என்று தீர்மானித்தது. இதைப் பற்றி ஒரு ஜும்ஆ பயான் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

பக்கத்து நாட்டில் அருணா ஷான்பாக் என்ற தாதி இருந்தார். மும்பை கே.ஈ.எம். வைத்தியசாலையில் வேலை. 1973 நவம்பர் 27இல் அங்கே வேலை செய்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினான். மூளை பாதிக்கப்பட்டு 42 வருடம் அதே வைத்தியசாலையில் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி இறக்கவிட வேண்டும் என்று ஒரு எழுத்தாளர் வழக்குப் போட்டார். எதிர்த்து நின்றது யார் தெரியுமா? அந்த வைத்தியசாலைத் தாதிகள். அருணா படுத்த காலத்தில் பிறந்தே இருக்காதவர்கள்கூட அவருக்கு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள். அத்தனை வருடமும் உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அருணாவுக்காகப் பேச உரிமை உள்ளவர்கள் அந்தத் தாதிகள்தான் என்றது. அதே தீர்ப்பில், பயனற்ற சிகிச்சையை நிறுத்த நீதிமன்றத்தின் கண்காணிப்போடு வழியும் விட்டது. 2018இல் அதே நீதிமன்றம், எனக்கு இப்படி ஆனால் கருவியில் போட வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. அருணா 2015இல் நியூமோனியாவில் இறந்தார்.

சட்டம் பற்றிக் கதைக்க விரும்பும் தம்பிக்கும் இதுதான் என் பதில். கருவியை எப்போது நிறுத்தலாம், யார் முடிவெடுப்பது, நோயாளி முன்கூட்டிச் சொன்னதற்கு என்ன மதிப்பு என்பதை எழுத்தில் தெளிவாக்கச் சொல்லிப் போராடுவோம், நானும் வருகிறேன். ஊசி போடும் சட்டத்துக்கு வரமாட்டேன்.

இப்போது மலப்புறம் பக்கம் வாருங்கள். கேரளத்தில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் கோழிக்கோட்டில் வலி நிவாரண சேவையைத் தொடங்கினார்கள். அது வளர்ந்து வேரூன்றிய இடங்களில் முக்கியமானது மலப்புறம், நம்மவர்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர், பள்ளி ஜமாஅத் எல்லாரும் சில்லறைக் காசு போட்டு, பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணித்தியாலம் வீடு வீடாகப் போய்ப் புண் கழுவுகிறார்கள். 2008இல் கேரள அரசு அதையே கொள்கையாக எடுத்துக்கொண்டது. அவர்களும் கருணைக்கொலை ஹராம் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நோயாளியின் அறைக்குள் போகிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? மினாராவுக்கு இரண்டாவது தடவை டைல்ஸ் ஒட்டுகிறோம். என் கணக்கில் அந்த டைல்ஸ் காசில் பத்துக் காற்று மெத்தை, நான்கு சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில் எல்லாம் வாங்கிப் பள்ளியில் வைத்து இரவல் கொடுக்கலாம். இது நம்மில் மட்டும் உள்ள குறையும் இல்லை. உலகத்தில் வலிதணிப்புப் பராமரிப்புத் தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மூர்க் கேன்சர் நோயாளிகள் மஹரகமைக்கு இரவு பஸ்ஸில் போய் வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். அங்கே சாந்த சேவன போன்ற இடம் இருக்கிறது. இந்தக் கரையில் நம் ஊரில் என்ன இருக்கிறது?

நிர்வாக சபைக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். கேட்டது மூன்று விடயம்: மெத்தை, கட்டில் இரவலுக்கு பைத்துல்மாலில் ஒரு பகுதி, மாதம் ஒருமுறை வைத்தியர் ஒருவர் வந்து வீட்டில் நோயாளி பார்க்கிறவர்களுக்குப் பயிற்சி, வலி மருந்து பற்றி ஒரு ஜும்ஆ பயான். ஓய்வுபெற்ற தாதி ஒருவரும் மருந்தாளர் ஒருவரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். உயர்தரப் பிள்ளைகளில் ஏழு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். முதல் பெயர் அந்த மாணவியுடையது. அவளின் மூத்தம்மாவைப் பார்க்க, வாப்பாவுக்கு வந்த அதே வைத்தியர் சனிக்கிழமை வருகிறார்.

நானா, முப்பத்தெட்டு லைக் போட்டவர்களில் எத்தனை பேர் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வருவீர்கள் என்று இன்பொக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் வேண்டாம்.

வாப்பாவின் காற்று மெத்தை என் வீட்டில் சும்மா கிடக்கிறது. மோட்டார் வேலை செய்கிறது, ஒரு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறேன். தேவையான வீட்டார் எந்த நேரமும் வந்து எடுத்துப் போகலாம்.